வெண்கலத்துக்கு வரும் நோய்

மே 18 உலக அருங்காட்சியக நாள். 1977 முதல் பல நாடுகளில் கொண்டாடப்படுகிறது. நம் ஊரில் அது கோடை விடுமுறைக் காலம். பாட்டி வீட்டுக்கு வந்த பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவது சென்னைக் குடும்பங்களின் பழைய வழக்கம். நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். அப்போது பள்ளிக்கூடப் பேருந்துகள் அருங்காட்சியகம் இருக்கும் பாந்தியன் சாலையில் வரிசைகட்டும். காணும் பொங்கலைக் கேட்கவே வேண்டாம். சிறப்புக் கண்காட்சி, சொற்பொழிவு, சிறுவர் முகாம் என்று அருங்காட்சியகங்கள் களைகட்டும் நாட்கள் இவை. இந்த நாட்களில் எல்லாரும் சிலைகளைப் பார்த்துக்கொண்டிருக்க, அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் பார்த்துக்கொண்டிருப்பது வந்த கூட்டத்தை!

காரணம், தண்ணீர். சும்மா நிற்கும் ஒரு மனிதர் மூச்சாகவும் வியர்வையாகவும் மணிக்கு ஏறக்குறைய 50 கிராம் நீரைக் காற்றில் கலக்கிறார். நாற்பது பிள்ளைகள் கொண்ட ஒரு வகுப்பு ஒரு கூடத்தில் ஒரு மணி நேரம் இருந்தால், கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போகிறது. பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், நான்கு மீட்டர் உயரம் உள்ள கூடம் என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரி வெப்பத்தில் அந்தக் கூடத்துக் காற்று அதிகபட்சம் 12 லிட்டர் நீரைத்தான் ஆவியாகத் தாங்கும். சென்னையில் சாதாரண நாளிலேயே அதில் 8 லிட்டருக்கு மேல் இருக்கும். அதாவது, தாங்கக்கூடிய அளவில் நூற்றுக்கு எழுபது பங்கு. இந்தக் கணக்குக்குத்தான் ஒப்பு ஈரப்பதம் என்று பெயர். கதவு ஜன்னல் அடைத்திருந்தால், பிள்ளைகள் வெளியேறும்போது அந்த எழுபது 87 ஆகியிருக்கும்.

அந்த இரண்டு லிட்டரால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை, கொஞ்சம் புழுங்கும், அவ்வளவுதான். ஆனால் அதே கூடத்தில் ஆயிரம் ஆண்டுப் பழைய செப்புத் திருமேனி ஒன்று நின்றால் கதை வேறு.

எழும்பூரில் அப்படி நிற்பவை ஏராளம். 1851-இல் தொடங்கிய அருங்காட்சியகம் இது. இந்தியாவில் கல்கத்தாவுக்கு அடுத்துப் பழையது. ஒரு காலத்தில் இங்கே உயிருள்ள விலங்குகளையும் வைத்திருந்தார்கள். பிறகு அவை பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய்விட்டன. அதை ‘உயிர் காலேஜ்’ என்றும் இதைச் ‘செத்த காலேஜ்’ என்றும் பழைய சென்னைவாசிகள் சொல்வார்கள். இந்தக் ‘காலேஜின்’ வெண்கலக் கூடத்தில்தான் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் இந்த அருங்காட்சியகத்து நடராசரை நேரில் பார்த்ததே இல்லை. புகைப்படங்களைப் பார்த்தே உருகி ஒரு கட்டுரை எழுதினார். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் இங்கேதான். நாகப்பட்டினத்துப் புத்தர்களும் இங்கேதான்.

இவற்றில் பெரும்பாலானவை நேரே கோயிலிலிருந்து வந்தவை அல்ல, மண்ணுக்குள்ளிருந்து வந்தவை. படையெடுப்புக் காலங்களில் கோயிலைச் சேர்ந்தவர்கள் திருமேனிகளைக் குழி தோண்டிப் பத்திரமாகப் புதைத்தார்கள். புதைத்த இடம் தெரிந்தவர்கள் மறைந்தபின் இடமும் மறந்துபோயிற்று. சில நூறு ஆண்டுகள் கழித்து ஏர் முனையிலோ அஸ்திவாரக் குழியிலோ அவை தட்டுப்பட்டன. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த வழியாகத்தான் அவை எழும்பூர் வந்தன. நாகப்பட்டினத்தில் மட்டும் 1856 முதல் சுமார் 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்திருக்கின்றன. நாகப்பட்டினம் கடலோர ஊர். திருவெண்காடும் பூம்புகாருக்குப் பக்கம். கடலோர மண்ணில் உப்பு இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிலை போனால் போனதுதான் என்று சொல்வதற்கு அது பிறந்த விதமே காரணம். தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து ஸ்தபதி முதலில் உருவத்தை வனைகிறார். விரல் நகம், மணிமாலையின் ஒவ்வொரு மணி, எல்லாம் மெழுகில். அதன்மேல் காவிரிப் படுகையின் நைஸான வண்டலைப் பூசிக் காயவைத்து, மேலும் மேலும் களிமண் அப்பிக் கருவாக்குகிறார். கருவைச் சுட்டால் மெழுகு உருகி வடிந்துவிடும். உள்ளே உருவத்தின் வெற்றிடம் மட்டும் மிஞ்சும். அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுகிறார்கள். மெழுகு தண்ணீரைவிடச் சற்றே இலேசு, வெண்கலம் தண்ணீரைப் போல் ஒன்பது மடங்குக்குச் சற்றுக் குறைவான கனம். எனவே மெழுகு உருவத்தை நிறுத்துப் பார்த்தால் எவ்வளவு உலோகம் வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும். இந்த எடைக் கணக்கு 12-ஆம் நூற்றாண்டின் ‘மானசோல்லாசம்’ நூலிலேயே இருக்கிறது. குளிர்ந்தபின் கருவை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஒரு கருவுக்கு ஒரு சிலை. இரண்டாவது பிரதி கிடையாது.

இப்படிப் பிறந்த சிலை மண்ணுக்குள் பச்சையாகிறது. இந்தப் பச்சையில் இரண்டு வகை உண்டு. முதல் வகை கரும்பச்சை. கெட்டியாக, வழுவழுப்பாக உலோகத்தோடு ஒட்டியிருக்கும். செம்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனுடனும் மண்ணிலுள்ள கரியமில வாயுவுடனும் நீருடனும் மெல்லச் சேர்ந்து உண்டாவது அது. அடியில் செந்நிறத் தாமிர ஆக்சைடு, மேலே மாலகைட் என்ற பச்சைக் கனிமம். இந்தப் படலம் உருவானபின் அதுவே கவசம். உள்ளே இருக்கும் உலோகத்தை மேற்கொண்டு அரிக்கவிடாது. ஆயிரம் ஆண்டுச் சிலைகளை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்ததே இந்தப் பச்சைதான். இரண்டாவது வகை வெளிர்பச்சை. சிறு சிறு புள்ளியாகப் பொரிந்து, தொட்டால் மாவாக உதிரும். சிலையின் கன்னத்தில் மிளகளவு வெளிர்பச்சையைக் கண்டால் அருங்காட்சியகக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும். வெண்கல நோய் என்பது இதுதான்.

நோய்க்கு விதை நாம் நினைவில் வைத்த உப்பு. உப்பில் பாதி சோடியம், பாதி குளோரின். ஈரமண்ணில் குளோரின் அணுக்கள் எதிர்மின்னூட்டம் பெற்றுத் தனித்தனியாக உலவும். அந்த நிலையில் அவற்றுக்குக் குளோரைடு அயனி என்று பெயர். மண்ணுக்குள் கிடக்கும் வெண்கலம் அரிக்கும்போது, அரிக்கிற இடத்தில் செம்பு அணுக்கள் நேர்மின்னூட்டத்தோடு கழன்றுகொள்கின்றன. நேர் இருக்கும் இடத்தை எதிர் நாடும். ஆகவே குளோரைடு அயனிகள் மேலே உருவாகிவரும் களிம்புப் படலத்தைக் கடந்து உலோகத்தின் பக்கத்துக்கே போய்ச் சேர்கின்றன. சிலை தன் பகையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. அங்கே செம்பும் குளோரினும் சேர்ந்து தாமிரக் குளோரைடு என்ற மெழுகு போன்ற வெளிறிய சாம்பல்நிறப் படிவாகத் தங்கும். அதன்மேல் செந்நிற ஆக்சைடு, அதற்கும் மேல் மாலகைட். நோய் அடித்தளத்தில், மூடி முத்திரையிட்டபடி.

மண்ணுக்குள் இருக்கும்வரை அது தூங்குகிறது. அங்கே ஆக்சிஜன் குறைவு. எழுநூறு வருடம் அப்படியே கிடக்கும். சிலையை வெளியே எடுத்ததும் மண் காய்கிறது, மேல்படலத்தில் மயிரிழை விரிசல்கள் விழுகின்றன. அவற்றின் வழியே காற்றும் ஈரமும் இறங்குகின்றன. தாமிரக் குளோரைடு அவற்றோடு வினைபுரிந்து வெளிர்பச்சைப் பொடியாக மாறுகிறது. மாறும்போது அதிலிருந்த குளோரினில் பாதிதான் பொடியில் தங்கும். மற்றப் பாதி ஹைட்ரோகுளோரிக் அமிலமாக வெளியேறுகிறது. அந்த அமிலம் பக்கத்திலிருக்கும் புதிய செம்பை அரித்து மறுபடி தாமிரக் குளோரைடை உண்டாக்குகிறது. அது மறுபடி ஈரத்தையும் ஆக்சிஜனையும் சந்திக்கிறது. இப்படியே சுழற்சி. பொடிக்கு, அது உண்டான உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும் என்பதால் மேல்படலத்தை முட்டிப் பெயர்த்துக்கொண்டு வெளிவருகிறது. கவனிக்காமல் விட்டால் நகை, நகம், மூக்கு என்று நுட்பங்கள் முதலில் போகும். மெல்லிய பொருள் என்றால் முழுதுமே பொடியாகிப் போகும்.

மண்ணில் பிழைத்த சிலை, நாம் பாதுகாப்பாக வைத்த கண்ணாடிப் பேழைக்குள் சாகும். இதைப் புரிந்துகொள்ளவே வெகுகாலம் ஆயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் சிலர், இது நுண்ணுயிரால் வரும் தொற்றுநோய் என்றே நம்பினார்கள். ஒரு சிலையிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டும் என்று அஞ்சினார்கள். நோய் என்ற பெயர் நிலைத்ததற்கு அந்த அச்சமும் ஒரு காரணம். பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தலோ 1890-களில் எகிப்திய வெண்கலங்களை ஆராய்ந்து, கிருமி எதுவும் இல்லை, இது குளோரைடின் சுழற்சி என்று காட்டினார்.

செம்பையும் களிம்பையும் பற்றித் தமிழ்நாட்டில் பேசுவதென்றால் சைவ சித்தாந்தத்தைத் தொடாமல் போக முடியாது. உயிரோடு கூடவே இருக்கும் ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பைத்தான் அங்கே உவமை சொல்வார்கள். ரசகுளிகை பட்டால் களிம்பு நீங்கும், அருள் பட்டால் மலம் நீங்கும் என்பார்கள். வீட்டில் நமக்குத் தெரிந்த ரசகுளிகை புளி. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் ஆக்சைடைக் கரைத்துவிடும், பாத்திரம் பளபளக்கும். சிலைக்கு இது ஆகாது. புளி போட்டுத் தேய்த்தால் நல்ல பச்சைக் கவசமும் சேர்ந்து போய்விடும். உள்ளே பதுங்கிய குளோரைடு மட்டும் அங்கேயே இருக்கும். தலைமுறை தலைமுறையாகத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணும் மூக்கும் மழுங்கிப்போன உற்சவர்களைப் பல கோயில்களில் பார்க்கலாம்.

அருங்காட்சியகத்துக்குள் ஒரு வேதியியல் கூடம் வேண்டும் என்ற எண்ணம் 1888-இல் பெர்லினில் பிறந்தது. ஃப்ரீட்ரிஹ் ராத்கென் என்ற வேதியியலாளரை அங்கே நியமித்தார்கள். லண்டனுக்குப் புத்தி வர ஒரு போர் தேவைப்பட்டது. முதல் உலகப்போரின்போது விமானக் குண்டுக்குப் பயந்து பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தன் பொருட்கள் பலவற்றைச் சுரங்க ரயில் பாதைக் குகைகளில் கொண்டுபோய் ஒளித்தது. போர் முடிந்து வெளியே எடுத்தால் இரும்பு துருப்பிடித்திருந்தது, வெண்கலத்தில் பச்சைப் புள்ளிகள் பூத்திருந்தன, கல்லில் உப்புப் படிந்திருந்தது. குண்டு செய்யாததைக் குகையின் ஈரம் செய்திருந்தது. அதன் பிறகே அங்கே ஆய்வுக்கூடம் வந்தது.

அடுத்த பத்தாண்டுக்குள் சென்னை விழித்துக்கொண்டது. எழும்பூர் அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எஃப்.எச். கிரேவ்லி விலங்கியல் அறிஞர். வெண்கலங்கள் பொடியாவது அவருக்குக் கவலையாக இருந்தது. 1930-இல் இங்கே வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கியது. பொறுப்பேற்றவர் எஸ். பரமசிவன். இந்திய அருங்காட்சியகங்களில் இப்படி ஒரு கூடம் அதுவே முதல். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் 1931-இல் வெளிப்பட்டபோது, அவை தீட்டப்பட்ட முறையை வேதியியல் வழியில் ஆராய்ந்தவரும் இதே பரமசிவன்தான். அவருக்கு இன்னும் பெரிய பெயர் இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வெண்கலத்துக்கு அவர் கையாண்டது மின்பகுப்பு முறை. மின்சாரத்தால் வேதிப்பொருளைப் பிரித்தெடுப்பது. நியூயார்க்கில் காலின் ஃபிங்க் இதை வெண்கலங்களுக்குப் பயன்படுத்தி 1925-இல் நூலாக வெளியிட்டிருந்தார். இதன் யோசனை அழகானது. மண்ணுக்குள் சிலை நேர்மின்னூட்டம் காட்டியதால்தானே குளோரைடு உள்ளே வந்தது? இப்போது அதையே எதிராக்கிவிட்டால்?

ஒரு பெரிய தொட்டியில் நூற்றுக்கு இரண்டு பங்கு காஸ்டிக் சோடா கலந்த நீர். அதில் சிலையை முழுக அமிழ்த்தி, செம்புக் கம்பியால் மின்மூலத்தின் எதிர்முனையில் இணைக்கிறார்கள். சுற்றிலும் இரும்புத் தகடுகள், அவை நேர்முனையில். பாய்ச்சுவது சில வோல்ட் நேர்மின்சாரம், ஒரு கார் பேட்டரி தருகிற அளவு. சிலை இப்போது எதிர்மின்வாய். எதிரை எதிர் தள்ளும். எந்த வழியாக உள்ளே போனதோ அதே வழியாகக் குளோரைடு வெளியேறி இரும்புத் தகட்டை நோக்கிப் போகிறது. அதேநேரம் சிலையின் மேற்பரப்பெங்கும் ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்புகின்றன. ஒவ்வொரு குமிழியும் களிம்புக்கு அடியிலிருந்து பிறந்து அதை நெம்பித் தளர்த்துகிறது. உளி போக முடியாத இடுக்குகளில் குமிழி போகும். களிம்பின் ஒரு பகுதி மறுபடி செம்பாகவே மாறிவிடுகிறது. பல நாள், சில சமயம் பல வாரம் இது நடக்கும். மண்கட்டி போல் வந்த ஒன்றிலிருந்து நூலளவு பூணூலும் விரல் முத்திரையும் வெளிப்படுவதைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்திருப்பார்கள். சித்தாந்திகள் சொன்ன ரசகுளிகை கடைசியில் காஸ்டிக் சோடாவாக வந்தது!

தொட்டியிலிருந்து எடுத்ததும் வேலை முடிவதில்லை. காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். குளோரைடு மிச்சமிருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை. கழுவிய நீரில் கொஞ்சம் எடுத்து, சில துளி நைட்ரிக் அமிலம் சேர்த்து, ஒரு துளி வெள்ளி நைட்ரேட் விட்டால், குளோரைடு இருக்கும் பட்சத்தில் நீர் பால்போல் வெளுக்கும். வெளுப்பது நிற்கும்வரை கழுவிக்கொண்டே இருப்பார்கள். அதற்கு மேலும் ஒரு பரீட்சை உண்டு. சிகிச்சை முடிந்த சிலையை வேண்டுமென்றே மிக ஈரமான ஒரு பெட்டிக்குள் ஒரு நாள் வைப்பது. எங்காவது நோய் ஒளிந்திருந்தால் மறுநாள் வெளிர்பச்சைப் புள்ளியாகத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மின்பகுப்புக்கு ஒரு விலையும் உண்டு. கெட்ட பச்சையோடு நல்ல பச்சையும் போய்விடுகிறது. சிலையின் வயதைச் சொல்லும் மேற்பரப்பை உரித்துவிட்டோமே என்ற வருத்தம் பின்னாளில் பாதுகாப்பாளர்களுக்கு வந்தது. உள்ளே உலோகமே மிஞ்சாமல் களிம்பாலேயே நிற்கும் பொருளைத் தொட்டியில் விட்டால் எதுவும் திரும்பி வராது. எனவே இப்போது முடிந்தவரை மென்மையான வழிகளையே நாடுகிறார்கள். உருப்பெருக்கியில் பார்த்தபடி நோய்ப்புள்ளியை மட்டும் ஊசிமுனைக் கத்தியால் சுரண்டி எடுப்பார்கள். அந்தக் குழியில் வெள்ளி ஆக்சைடுப் பசையை அடைத்தால், அது குளோரைடைப் பிடித்து வெள்ளிக் குளோரைடாக்கி வாயை அடைத்துவிடும். 1967-இல் இன்னொரு மருந்து வந்தது: பென்சோட்ரயசோல். இதன் மூலக்கூறுகள் செம்பு அணுக்களோடு கைகோத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை மேற்பரப்பெங்கும் நெய்துவிடும். கார் ரேடியேட்டரின் குளிர்நீரிலும் அரிப்பைத் தடுக்க இதையே கலக்கிறார்கள். சோழர் காலத்துச் சிலைக்கும் உங்கள் காருக்கும் ஒரே மருந்து.

எந்த மருந்து கொடுத்தாலும் பத்தியம் ஒன்றுதான்: ஈரம் ஆகாது. ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 42-க்குக் கீழே இருந்தால் அந்தச் சுழற்சி நகராது. சென்னையில் வெட்டவெளியில் இதற்கு வாய்ப்பே இல்லை. கடல் சில கிலோமீட்டரில் இருக்கிறது. கூடம் முழுவதையும் உலர்த்துவது பெருஞ்செலவு. அதனால் பேழையை மட்டும் உலர்த்துகிறார்கள். புதுச் செருப்பு வாங்கும்போது பெட்டிக்குள் ஒரு குட்டிப் பொட்டலம் கிடக்குமே, அந்தச் சிலிக்கா ஜெல்தான். ஒவ்வொரு மணியிலும் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் இருப்பதால் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீரை அது பிடித்துவைக்கும். நிறம் மாறும் வகையும் உண்டு: உலர்ந்திருந்தால் நீலம், நிறைந்துவிட்டால் இளஞ்சிவப்பு. அடுப்பில் சூடாக்கினால் நீரை விட்டுவிட்டு மறுபடி நீலமாகும். இதை யாராவது ஒருவர் நினைவாக மாற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் கஷ்டம். அருங்காட்சியகங்களில் பொருள் கெடுவதற்கு, அறிவியல் தெரியாதது மட்டும் காரணமல்ல, மாற்ற வேண்டியதை மாற்ற மறப்பதும்தான்.

பேழையே விஷமாவதும் உண்டு. புதிய சிறப்புக் கண்காட்சிக்கு அழகான மரப்பெட்டி செய்து, அடியில் வெல்வெட் ஒட்டி, வெண்கலத்தை வைத்து மூடுகிறோம். மரத்திலிருந்து அசிட்டிக் அமில ஆவி கசியும். அதாவது வினிகரின் அமிலம். வெண்கலத்தில் கலந்திருக்கும் காரீயத்துக்கு அது ஆகாது. சில துணிகளிலிருந்தும் ரப்பரிலிருந்தும் கந்தக ஆவி வரும், வெள்ளி கறுக்கும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் இதற்கு ஒரு சோதனை வகுத்தார். பேழைக்குப் பயன்படுத்தப் போகும் துணியிலோ மரத்திலோ இரண்டு கிராம் எடுத்து, வெள்ளி, செம்பு, காரீயம் மூன்றின் சிறு தகடுகளோடு ஒரு கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் நீர் வைத்து அடைத்து, 60 டிகிரி சூட்டில் 28 நாள் வைத்துவிட வேண்டும். தகடுகள் பளபளப்பாகவே இருந்தால் துணி தேறியது. ஆக, ஒரு கண்காட்சியின் திறப்பு விழாவுக்கு நாள் குறிப்பதற்கு ஒரு மாதம் முன்பே துணிக்குப் பரீட்சை முடிந்திருக்க வேண்டும்.

ஒளி வெண்கலத்தை ஒன்றும் செய்யாது. அதனால் சிலைக்கு விளக்கைத் தாராளமாகப் போடலாம். துணிக்கும் ஓவியத்துக்கும் ஓலைச்சுவடிக்கும் அப்படியில்லை. அவற்றுக்கு உலகெங்கும் வைத்திருக்கும் வரம்பு 50 லக்ஸ். ஒரு மீட்டர் தூரத்திலிருந்து ஒரு மெழுகுவத்தி தரும் வெளிச்சம் ஒரு லக்ஸ். உச்சி வெயில் ஒரு லட்சம். துணிக் கூடம் ஏன் இவ்வளவு இருட்டு என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இதுவே பதில். கண்ணை ஐந்து நிமிடம் பழக்கினால் 50 லக்ஸில் சரிகை நூல்கூடத் தெரியும்.

சிலையைக் காப்பாற்றியபின் அதன் பூர்வீகத்தையும் விசாரிக்கலாம். கீறாமல், சுரண்டாமல், உலோகத்தில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் ஒரு கருவி இருக்கிறது. ஊடுகதிரை ஒரு புள்ளியில் பாய்ச்சினால் அங்குள்ள அணுக்கள் பதிலுக்கு ஒளிர்கின்றன. செம்புக்கு ஓர் ஆற்றல், வெள்ளீயத்துக்கு வேறு ஆற்றல், காரீயத்துக்கு வேறு. ஐம்பொன் என்று நாம் சொல்லும் சிலைகளில் பெரும்பங்கு செம்பு, பிறகு வெள்ளீயமும் காரீயமும். பொன்னும் வெள்ளியும் மிக மிகச் சொற்பம். கெட்டியான வெண்கலத்தின் உள்ளே பார்க்க மருத்துவமனை எக்ஸ்ரே போதாது, காமாக் கதிர் வேண்டும். அப்படிப் பார்த்தால் எந்தக் காலத்திலோ உடைந்து ஒட்டிய கை தெரிந்துவிடும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள், அணு உலைக் குழாய்களைச் சோதிக்கும் இத்தகைய முறைகளைக் கொண்டு எழும்பூர்த் திருமேனிகளை ஆராய்ந்திருக்கிறார்கள்.

காரீயம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பூமியிலுள்ள காரீயத்தில் ஒரு பகுதி, யுரேனியமும் தோரியமும் சிதைந்து உண்டானது. எனவே சுரங்கத்துக்குச் சுரங்கம், 204, 206, 207, 208 என்ற நான்கு எடைகளிலுள்ள காரீய அணுக்களின் விகிதம் மாறும். எடை மட்டும் மாறுபடும் இந்த ஒரே தனிம அணுக்களுக்கு ஐசோடோப்புகள் என்று பெயர். உருக்கினாலும் வார்த்தாலும் புதைத்தாலும் அந்த விகிதம் மாறுவதில்லை. பெங்களூர் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் தென்னிந்தியப் படிமங்கள் பலவற்றை இவ்வாறு அளந்து, எந்தெந்தச் சிலைகள் ஒரே காலத்து உலோகக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று வகுத்தார். நடராசர் வடிவம் சோழருக்கும் முன்பே, பல்லவர் காலத்திலேயே வெண்கலத்தில் வார்க்கப்பட்டிருக்கலாம் என்ற அவருடைய வாதம் அந்த அளவீட்டிலிருந்து எழுந்தது. கலை வரலாற்றாளர்கள் இன்னும் அதை விவாதிக்கிறார்கள்.

சிறப்பு நாட்களில் அருங்காட்சியகங்கள் தங்கள் சிலைகளைக் காட்டுகின்றன. தொட்டியையும் நுண்ணோக்கியையும் வெள்ளி நைட்ரேட் குப்பியையும் அதே அளவுக்குக் காட்டினால் நன்றாயிருக்கும். துளி விட்டதும் நீர் வெளுப்பதை ஒருமுறை பார்த்த பிள்ளை வேதியியலை மறக்காது. அதுவரை நீங்களே சிலவற்றைக் கவனிக்கலாம். பேழையின் மூலையில் நீலமோ இளஞ்சிவப்போ மணிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். சிலையின் பச்சை கெட்டியா, பொடியா என்று பாருங்கள். பொடியாகத் தெரிந்தால் பணியாளரிடம் சொல்லுங்கள்; அவர் உங்களுக்கு நன்றி சொல்வார். திறந்த மேடையில் நிற்கும் சிலையைத் தொடாதீர்கள். வியர்வையிலும் உப்புதான் இருக்கிறது.

தஞ்சை, நாகை, திருவாரூர்ப் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அஸ்திவாரம் தோண்டும்போது பச்சை பிடித்த உலோகம் ஏதேனும் தட்டுப்பட்டால் கடப்பாரையை நிறுத்துங்கள். புளி வேண்டாம், சாம்பல் வேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கழுவவும் வேண்டாம். ஒட்டியிருக்கும் மண்ணோடு அப்படியே விட்டுவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ அன்றைக்கே சொல்லுங்கள். அந்த மண்ணிலும் ஆய்வுக்கு வேண்டிய தகவல் இருக்கிறது.